சனிக்கிழமைத் தொடருக்குக் குரல் கொடுத்தவளுக்கு

முதலில் ஒன்றைத் திருத்திவிட்டு மேலே போகிறேன். எதிர் விடுதியில் தங்கியிருக்கும் தொழிற்சாலைப் பெண்களோடு ஒரே கூடத்தில் உட்கார எனக்குப் பிடிக்கவில்லை, அதனால்தான் நீ போன கையோடு சனிக்கிழமைத் தொடரை நிறுத்திவிட்டேன் என்று நம் குடியிருப்பில் பேசிக்கொள்கிறார்கள். லிப்டில் பேசுகிறார்கள், நான் ஏறினால் பேச்சை வெயிலுக்கு மாற்றிவிடுகிறார்கள். அவர்கள் சொல்வது தவறு. நான் எதையும் நிறுத்தவில்லை. என்ன நடந்தது என்று உனக்குச் சொல்லியாக வேண்டும். மற்றவர்களும் படித்துக்கொள்ளட்டும்.

படிக்கத்தான் போகிறார்கள். நம் குடியிருப்போர் சங்கத்தின் மாத இதழுக்கு உன்னைப் பற்றி அரைப் பக்கம் எழுதித் தரும்படி செயலாளர் கேட்டிருக்கிறார். அரைப் பக்கத்தில் நீ மூச்சு வாங்கக்கூட மாட்டாய். ஆகவே என் விருப்பப்படி எழுதுகிறேன். இன்னொரு காரணமும் உண்டு. அடுத்த சங்கக் கூட்டத்தில் சனிக்கிழமை மாலைகளுக்கான கூடத்தைக் குழந்தைகளின் கீபோர்டு வகுப்புக்குக் கொடுத்துவிடப் போகிறார்கள். கொடுத்துவிட்டால் அந்தப் பெண்கள் இந்த வாசலுக்குள் வர வேறு வழியில்லை.

வகுப்புக்காகக் கூடத்து அலமாரியைக் காலி செய்யத் தொடங்கிவிட்டார்கள் போலிருக்கிறது. நேற்றுக் காலை காவலாளி என் கதவைத் தட்டினார். தொடரைப் போடும் உன் சின்னப் பெட்டியையும் அதன் ரிமோட்டையும் நீட்டினார்.

"அந்த அம்மாவோட சாமான். உங்களாண்ட குடுத்துடச் சொன்னாங்க."

ரிமோட் இன்னும் அந்தப் பாலித்தீன் உறைக்குள்தான் இருக்கிறது, ரப்பர் பேண்டு சுற்றியபடி. உறையைப் பிரித்தேன். நீ கொறிக்கும் தட்டையின் எண்ணெய் வாசனை குப்பென்று வந்தது. எத்தனை முறை சொல்லியிருப்பேன், ரிமோட்டுக்கு யாராவது சட்டை போடுவார்களா, பார்ப்பதற்கு அசிங்கமாக இருக்கிறது என்று. நீ கேட்டால்தானே.

"நான் செத்தாலும் இது புச்சா கீது பாரு," என்றாய் ஒருநாள்.

புதிதாகத்தான் இருக்கிறது.

நம் தொடரைப் பார்க்காதவர்களுக்காக இரண்டு வரி சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள். பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் பல வருடங்களுக்கு முன் வந்த பழைய நகைச்சுவைத் தொடர். போர்க்காலம். இங்கிலாந்தில் ஒரு சிற்றூர். எதிரி விமானம் வந்தால் சங்கு ஊதி ஊரைப் பதுங்கு குழிக்குள் அனுப்ப வேண்டிய தொண்டர் குழு ஒன்று. குழுவின் தலைவர் ஓய்வு பெற்ற தபால் அதிகாரி. பெரிய மீசை, அதைவிடப் பெரிய குரல், எதையும் உருப்படியாகச் செய்யத் தெரியாது. தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் காது மந்தமான கிழவர் ஒருவர். எல்லாருக்கும் தேநீர் போடும், கல்யாணமாகாத ஒரு பெண்மணி. அவ்வளவுதான். கடைசிவரை அந்த ஊரில் ஒரு குண்டுகூட விழுவதில்லை.

நாம் அதை முதலில் பார்த்தது ராயபுரத்தில், உன் வீட்டில். உன் கணவரின் தம்பி லண்டனிலிருந்து வீடியோ கேசட்டுகள் கொண்டுவந்திருந்தார். மின்விசிறிக்கு அடியில் நாம் நால்வர். உன் கணவர் பாதியில் தூங்கிவிடுவார். என் கணவர் தலைவர் சைக்கிளிலிருந்து விழும்போது மட்டும் சிரிப்பார். சிரித்துவிட்டு, தான் சிரித்ததை நான் பார்த்தேனா என்று திரும்பிப் பார்ப்பார். நீயோ கான்வென்டில் படித்த ஆங்கிலத்தை எல்லாம் ஒதுக்கிவிட்டு, அந்தத் தலைவர் வாயைத் திறக்கும்முன் அவருக்குத் தமிழ் பேசிவிடுவாய்.

பள்ளியிலும் நீ அப்படித்தான். வகுப்பில் தமிழ் பேசினால் வராந்தாவில் நிற்க வேண்டும் என்பது சிஸ்டர்களின் விதி. நான் ஒருநாளும் நின்றதில்லை. நீ உள்ளே உட்கார்ந்திருந்ததைவிட வெளியே நின்றதுதான் அதிகம். வெளியே நின்றபடி சன்னல் வழியாக என்னைப் பார்த்து, சிஸ்டரின் நடையை அப்படியே நடந்து காட்டுவாய். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு புத்தகத்தைப் பார்ப்பேன்.

என் கணவர் போன பிறகு நான் இந்தப் பக்கம் வந்ததே உன்னால்தான். மகன் அயல்நாட்டில், நான் நகரத்து வீட்டில் தனியாக. உன் கணவர் அதற்கு முன்பே போய், நீ இங்கே குடிவந்திருந்தாய். நீ தொலைபேசியில் கூப்பிட்டாய்.

"படப்பை தாண்டி நம்ம பில்டிங்ல ஒரு பிளாட்டு காலியா கீது. எதுத்தாப்புல கம்பெனி, பின்னால கம்பெனி, நடுவுல நானு. வந்து சேருடி."

வந்தேன். பால்கனியில் நின்றால் ஏரி தெரியும் என்றாய். லாரிகள்தான் தெரிந்தன. கேட்டதற்கு, "லாரிக்குப் பின்னால ஏரி கீது, நீ பொறுமையா பாக்கல," என்றாய்.

சனிக்கிழமைத் தொடர் நீ தொடங்கியது. உன் மகன் எல்லா அத்தியாயங்களையும் ஒரு பென் டிரைவில் போட்டு அனுப்பினான். நீ சங்கத்தில் பேசிக் கூடத்தை வாங்கினாய். முதலில் வந்தவர்கள் நம் குடியிருப்புக்காரர்கள். வந்தவர் யாரும் கருத்து எழுதிக் கொடுக்காமல் வெளியே போகக் கூடாது என்று சட்டம் போட்டாய். தினசரி நாள்காட்டியில் கிழித்த தாள்களின் பின்பக்கம்தான் உன் கருத்துச் சீட்டு. அவர்கள் எழுதியவை இப்போதும் எனக்கு நினைவிருக்கின்றன. ராணுவத்தில் இருந்த பெரியவர், இது சீருடையை அவமதிக்கிறது என்று எழுதினார். முதல் மாடி அம்மாள், கதையே இல்லை, இத்தனை பேரில் ஒருவருக்குக்கூடக் கல்யாணம் ஆகவில்லை என்று எழுதினாள். செயலாளர் எழுதியது இரண்டே சொல்: ஒலி அதிகம். கிரிக்கெட் பருவம் தொடங்கியதும் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். நானும் நீயும் மிஞ்சினோம்.

பிறகு அந்த ஐப்பசி மழை. இரண்டாவது ஷிப்டுக்குப் போகும் பெண்கள் நம் வாசலில் கம்பெனி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தார்கள். அடையாள அட்டை நனையாமல் இருக்க அதை வாயில் கவ்விக்கொண்டு ஒருத்தி துப்பட்டாவைப் பிழிந்துகொண்டிருந்தாள். நீ கூடத்துச் சன்னலைத் திறந்து கத்தினாய்.

"ஏம்மா, உள்ள வந்து குந்துங்க. மழைல நின்னு ஜுரம் வந்தா கம்பெனிக்காரனா வந்து மாத்திரை குடுப்பான்?"

காவலாளி ஓடி வந்தார். "அம்மா, வெளியாளுங்கள வுடக் கூடாதுன்னு செகரெட்டரி சொல்லிக்கீறாரு."

"வெளியாளா? என் வூட்டு விருந்தாளிங்கபா. எடு நோட்ட, கையெழுத்துப் போடுறேன்."

விதியில் அதற்கு இடமிருந்தது. குடியிருப்பவர் ஒருவர் கையெழுத்திட்டு, தானும் கூடவே இருந்தால் விருந்தினரைக் கூடத்துக்குள் அழைத்து வரலாம். விதிகளை மீறுவதில் நீ கெட்டிக்காரி என்றுதான் பள்ளிக்காலத்திலிருந்து நினைத்திருந்தேன். அவற்றைப் படித்தும் வைத்திருந்தாய் என்று அன்றுதான் தெரிந்தது.

அடுத்த சனிக்கிழமை, காலை ஷிப்ட் முடித்து அவர்களாகவே வந்தார்கள். திருநெல்வேலி, தென்காசிப் பக்கத்துப் பெண்கள். வந்தவுடன் தரையில் உட்கார்ந்தார்கள். நான் எழுந்திருக்கச் சொன்னேன். சற்றுக் கடுமையாகவே சொன்னேன் என்று வைத்துக்கொள். இப்போது ஊர் பேசுவதற்கு அதுதான் வித்து. நாற்காலிகள் சும்மா இருக்கும்போது வந்தவர்கள் ஏன் தரையில் உட்கார வேண்டும்? அதற்காகத்தான் எழுப்பினேன். சன்னல் வழியாகப் பார்த்தவர்களுக்கு எழுப்பியது தெரிந்தது, உட்கார வைத்தது தெரியவில்லை.

அவர்களுக்காகத்தான் நீ முழுமையாகக் குரல் கொடுக்கத் தொடங்கினாய். தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு தலைவர், கிழவர், தேநீர்ப் பெண்மணி எல்லாருக்கும் நீயே பேசினாய். தலைவர் திரையில் தீயணைப்பு வாளியைப் பார்த்துத் திகைத்து நிற்பார்.

"இன்னாபா இது, பக்கெட்டு கீது, தண்ணி எங்கபா?"

என்னால் தாங்க முடியவில்லை. "அவர் இங்கிலாந்துல ரிடையர் ஆன போஸ்ட் மாஸ்டர்டி. ராயபுரம் மார்க்கெட்ல நிக்கறவர் இல்ல."

"எல்லா ஊர்லயும் இந்தாளு கீறான்டி. அங்க அவனுக்கு மீசை கொஞ்சம் பெருசு, அவ்ளோதான்."

பெண்களில் இசக்கி என்று ஒருத்தி, தென்காசிப் பக்கம், எதையும் நேராகக் கேட்பவள். அவள் உன் பக்கம் சேர்ந்துகொண்டாள். "ஆச்சி சொல்லுதது சரிதான் மேடம். இவரு எங்க லைன் சூப்பர்வைசரு மாதிரில்லா இருக்காரு. டிரில்லுன்னு சொல்லிட்டு அவரு விசில மறந்துட்டு வந்துருவாரு."

உன்னை ஆச்சி என்றார்கள். என்னை மேடம் என்றார்கள். சரியாகத்தான் இருந்தது.

முதல் நாள் நீ சீட்டுகளை விநியோகித்தபோது இசக்கி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "ஆச்சி, இது கைசன் ஷீட்டா?"

உனக்கு அது என்னவென்று தெரியாது. எனக்கும் தெரியாது. தெரியாது என்று சொல்வது உன் வழக்கமில்லை. "அப்டித்தான் வச்சுக்கோயேன்," என்றாய். அவர்கள் தொழிற்சாலையில் வேலையில் எது கோளாறு, அதை எப்படிச் சரிசெய்யலாம் என்று தொழிலாளர் எழுதிக் கொடுக்கும் தாளுக்குத்தான் அந்தப் பெயர் என்பதைச் சீட்டுகளைப் படித்த பிறகுதான் தெரிந்துகொண்டோம். ஒரு சீட்டில் இருந்தது: "பிரச்சினை: பக்கெட்டில் தண்ணீர் இல்லை. காரணம்: பார்ப்பதற்கு ஆள் போடவில்லை. தீர்வு: பக்கெட் மேல் பொறுப்பாளர் பெயர் ஒட்ட வேண்டும்." இன்னொன்றில்: "பிரச்சினை: தலைவர் சைக்கிளிலிருந்து விழுகிறார். காரணம்: பேசிக்கொண்டே ஓட்டுகிறார். தீர்வு: அவருக்கு மறுபடி டிரெயினிங்."

நீ சிரித்துச் சிரித்து இருமல் வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாய். "அடியே, இங்கிலாந்துக்கே ஆடிட் போட்டுட்டாளுங்கடி."

கருத்து என்றால் என்ன என்று அவர்களுக்கு விளக்கிவிடுகிறேன் என்றேன். நகைச்சுவைத் தொடரைப் பார்த்துவிட்டு எழுத வேண்டியது இதுவல்ல. எது பிடித்தது, எது பிடிக்கவில்லை, ஏன் என்று எழுத வேண்டும். நீ என் கையைப் பிடித்து உட்கார வைத்தாய்.

"வேணாம்டி. இது நல்லா கீது. இப்டியே இருக்கட்டும்."

இருக்கட்டும் என்று நானும் விட்டேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தச் சிற்றூரின் குறைகள் ஒழுங்காகப் பதிவாயின. பதுங்கு குழிக்கு ஏணி சரியில்லை. தேநீர்ப் பாத்திரத்துக்குப் பிடித்துணி இல்லை. தலைவர் கத்துகிறார், காரணம் அவருக்கு மேலே இருப்பவர் அவரைப் பார்த்துக் கத்துகிறார், தீர்வு தெரியவில்லை.

நீ கடைசியாகப் பார்த்த அத்தியாயத்துக்கு வருகிறேன். அதை எழுதாமல் தள்ளிக்கொண்டே போனதை நீ கவனித்திருப்பாய்.

அன்றைக்கே உனக்கு மூச்சு வாங்கியது. இன்று குரல் வேண்டாம், வெறுமனே பார்ப்போம் என்றேன். "புள்ளைங்க வந்துக்கீதுங்க," என்று சொல்லி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாய். இரண்டு வசனம், ஒரு மூச்சு, மறுபடி ஒரு வசனம் என்று போயிற்று. கதையில் பகல்நேரம். சங்கு ஊதுகிறார்கள், இந்த முறை பயிற்சி இல்லை, உண்மையான சங்கு. எல்லாரும் ஓடிக் குழிக்குள் இறங்குகிறார்கள். ஆர்கன் கிழவருக்குக் கேட்கவில்லை. தேவாலயத்தில் தனியாக வாசித்துக்கொண்டிருக்கிறார். தேநீர்ப் பெண்மணி அவரைக் கூட்டிவரப் போகிறாள். போனவள் அவர் தோளைத் தொடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, இசைத்தாளைப் புரட்டிக் கொடுக்கிறாள். விமானம் எங்கேயோ போய்விடுகிறது. பிறகு எல்லாரும் பதறி வந்து பார்த்தால், இரண்டு பேரும் அடுத்த பாட்டு எது என்று சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். தொடரில் பின்னணியில் சிரிக்கிறார்கள். நீயும் சிரித்தாய்.

"இதுல சிரிக்க என்ன இருக்கு?" என்றேன்.

"அவ போய் பக்கத்துல குந்திக்கினா பாரு. அதான்டி."

"அவளுக்குத் திரும்பி ஓட நேரம் இல்ல. அதனால உக்காந்துட்டா. இது சிரிப்பு இல்ல."

"நேரம் இருந்தாலும் போயிருக்க மாட்டா."

அந்தத் தொடரைப் பற்றி நமக்குள் இருந்த வழக்கு முழுவதும் அதுதான். நான் அதைத் துயரக் கதை என்பேன். நீ சிரிப்பு என்பாய். மேலும் வாதாடியிருப்பேன். நீ கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்துக்கொண்டிருந்தாய். பெண்கள் சீட்டுகளை என்னிடம் கொடுத்துவிட்டுச் சத்தமில்லாமல் போனார்கள். அவற்றில் ஒன்று: "பிரச்சினை: ஆர்கன் ஐயாவுக்குச் சங்கு கேட்கவில்லை. காரணம்: சத்தம் மட்டும் வைத்திருக்கிறார்கள். தீர்வு: எங்கள் லைனில் இருப்பது போல் சுற்றும் சிவப்பு விளக்கும் வைக்க வேண்டும். அதுவரை டீ அக்கா செய்ததே சரி." இசக்கியின் கையெழுத்து. உனக்குப் படித்துக் காட்டினேன். தலையை ஆட்டினாய்.

அந்த வாரமே உன்னை மருத்துவமனையில் சேர்த்தோம். உன் மகன் விமானத்தில் வந்துகொண்டிருந்தான். தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ் என்னைத் தடுத்து, நீங்கள் நோயாளிக்கு என்ன உறவு என்று கேட்டாள். கூடப் படித்தவள் என்றேன். அவள் சற்று யோசித்துவிட்டு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டாள்.

"அவங்களுக்கு எதுவும் கேக்காதும்மா. நீங்க வேணா வெளில ரெஸ்ட் எடுங்க."

இல்லை, இருக்கிறேன் என்றேன். இருந்தேன். உன் மகன் வந்து சேரும் வரையில் நீ இருக்கவில்லை. அந்த அறையில் நமக்குள் நான் பேசியதை இங்கே எழுதப் போவதில்லை. உனக்குத் தெரியும், அல்லது தெரியாது.

இப்போது ஊர் பேசும் அந்தச் சனிக்கிழமை.

உன் அடக்கம் முடிந்து, உன் மகன் திரும்பிப் போய், அடுத்து வந்த சனிக்கிழமை நான் கீழே இறங்கினேன். நீ இல்லையென்றால் நான் இறங்க மாட்டேன் என்று அந்தப் பெண்கள் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகவே நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு போனேன். அவர்கள் வந்திருந்தார்கள். வாசலில் நின்றார்கள். காவலாளி நோட்டை மூடி வைத்துக்கொண்டு தர்மசங்கடமாகப் பார்த்தார். கையெழுத்துப் போட்டவள் போய்விட்டாளே. நான் நோட்டை வாங்கி என் பெயரைப் போட்டேன். அவர்கள் உள்ளே வந்து, நான் சொல்லாமலே நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். உன் நாற்காலியை யாரும் தொடவில்லை.

அடுத்த அத்தியாயத்தைப் போட்டேன். தலைவர் வந்தார். மீசை அசைந்தது. ஆங்கிலம் வந்தது. அந்தப் பெண்கள் திரையையே மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், புரியாத பிரசங்கத்துக்கு உட்கார்ந்திருப்பது போல. பின்னணிச் சிரிப்பு வரும்போதெல்லாம் இசக்கி என் பக்கம் திரும்பினாள். நான் பேச வேண்டும் என்று எனக்குப் புரிந்தது. அந்த ஆங்கிலத்தில் ஒரு சொல் விடாமல் எனக்குத் தெரியும். அதைத் தமிழில் சொல்லவும் தெரியும். வாயைத் திறந்தேன். வரவில்லை. மறுபடி திறந்தேன். பிறகு தொடரை நிறுத்தினேன்.

"இன்னிக்கு வேண்டாம். போயிட்டு வாங்க," என்றேன்.

நடந்தது இவ்வளவுதான். இன்னிக்கு என்று சொன்னேன். இனிமேல் என்று சொல்லவில்லை.

அவர்கள் எழுந்தார்கள். ஆனால் கதவுக்குப் போகவில்லை. மேசைக்குப் போனார்கள். உன் சட்டம் அவர்களுக்கு இன்னும் நடப்பில் இருந்தது. நின்றபடியே எழுதி வைத்துவிட்டு ஒவ்வொருவராகப் போனார்கள். இசக்கியின் சீட்டை மட்டும் அப்படியே எழுதுகிறேன். "பிரச்சினை: சவுண்டு இருக்கு, குரல் இல்லை. காரணம்: ஆச்சி. தீர்வு:" அதற்குப் பிறகு ஒன்றும் எழுதவில்லை. பேனாவை வைத்து அழுத்திய புள்ளி ஒன்று மட்டும் இருந்தது.

அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் வெகுநேரம் கூடத்தில் இருந்துவிட்டேன். காவலாளி வந்து விளக்கை அணைக்கலாமா என்று கேட்டார். பெண்களை நான் அனுப்பிவிட்டதை அவர் யாரிடமோ சொல்லியிருக்கிறார். அவர் மேல் தவறில்லை, கண்டதைத்தான் சொன்னார். அது மாடி ஏறும்போது வேறு கதையாகிவிட்டது.

கீபோர்டு வகுப்பு அறிவிப்பைப் பார்த்ததும் செயலாளரிடம் போனேன். நல்ல மனிதர்தான். நாற்காலி போட்டார்.

"உங்களுக்கே அந்தப் பொண்ணுங்க வர்றது கஷ்டமா இருக்குன்னு சொன்னாங்க மேடம். அதான் நாங்களே ஒரு முடிவு பண்ணிட்டோம். உங்களுக்கு எதுக்கு சங்கடம்?"

"என் சங்கடத்தை யார் உங்ககிட்ட சொன்னது?"

"பொதுவா பேசிக்கிட்டாங்க."

"என்னைக் கேட்டிருக்கலாமே."

"அந்தம்மா இருந்தாங்க, அவங்க கெஸ்ட்டு, சரி. இப்ப அவங்க இல்லையே மேடம். ஹாஸ்டல் பொண்ணுங்கள யார் கெஸ்ட்டுன்னு எழுதுறது?"

"என் கெஸ்ட்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். இத்தனை வருடத்தில் இந்தச் சங்கத்திடம் நான் எதுவும் கேட்டதில்லை. குழாய் ஒழுகினால்கூட ஆளை நானே வரவழைத்துக்கொள்வேன். கேட்பது எனக்கு வராது, உனக்குத் தெரியும். அன்று கேட்டேன்.

"பாக்கலாம் மேடம்," என்றார்.

பாக்கலாம் என்பது ஒரு பதிலே அல்ல என்று நம் சிஸ்டர் சொல்வார்கள் என்று அவரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டுத் தேநீர் வேண்டுமா என்று கேட்டார்.

அதன் பிறகு நான் செய்ததை வேறு யாரிடமும் சொல்லியிருக்க மாட்டேன். சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பயிற்சி செய்தேன். மீசைத் தலைவரின் குரல். "இன்னாபா இது." உரக்கச் சொல்லிப் பார்த்தேன். "பக்கெட்டு கீது." வேலைக்கு வரும் அம்மாள் வெளியிலிருந்து கதவைத் தட்டி, "இன்னாம்மா, கேஸ்காரன் ஏமாத்திட்டானா? நான் வேணா கேக்கட்டா?" என்றாள். என்னை யாரும் இப்படிப் பேசிக் கேட்டதில்லை. நானே கேட்டதில்லை. பள்ளி வராந்தாவில் நீ நின்ற இடத்துக்கு இத்தனை வயதில் வந்து சேர்ந்திருக்கிறேன். சிஸ்டர்கள் யாரும் உயிரோடு இல்லை என்பது ஒரு சௌகரியம்.

போன வாரம் பெண்கள் வாசலில் பஸ்ஸுக்கு நின்றார்கள். நான் மருந்துக்கடையிலிருந்து வந்துகொண்டிருந்தேன். இசக்கி முன்னால் வந்தாள்.

"மேடம், இனி கெடையாதா? எங்கள வரக் கூடாதுன்னு நீங்கதான் சொன்னியளாம். செக்யூரிட்டி அண்ணன் சொல்லுதாவ."

நேராகக் கேட்டாள். ஊரில் அப்படிக் கேட்டவள் அவள் ஒருத்திதான். இல்லை என்றேன். அனுமதி கேட்டிருக்கிறேன் என்றேன்.

"கெடைச்சா யாரு பேசுவா? ஆச்சி இல்லேல்லா."

தெருவில் நின்றுகொண்டு, கையில் மருந்துப் பையோடு, அந்த வசனத்தைச் சொன்னேன். "இன்னாபா இது, பக்கெட்டு கீது, தண்ணி எங்கபா?"

அத்தனை பேரும் சிரித்தார்கள். பஸ்ஸுக்கு நின்ற வேறு ஆட்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். இசக்கி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மேடம், கோவிச்சுக்கிடாதிய. நீங்க பேசினா நியூஸு வாசிக்க மாதிரி இருக்கு."

"பழகிக்கொள்வேன்," என்றேன்.

"சரி மேடம்," என்றாள். பஸ் வந்துவிட்டது. ஏறியவள் சன்னலோரம் உட்கார்ந்து என்னைப் பார்த்து ஒரு கையால் பெரிய மீசையை முறுக்கிக் காட்டினாள்.

நான் லிப்டில் ஏறி என் தளத்துக்கு வந்து கதவைத் திறந்து உள்ளே போய்த்தான் அழுதேன். நீ போன பிறகு, முதல் முறையாக. அவர்கள் சிரித்தது தலைவரைப் பார்த்து அல்ல, என்னைப் பார்த்து. அதில் எனக்கு வருத்தம் வரவில்லை. நீயாக இருந்தால் தெருவிலேயே என் தோளைப் பிடித்துக்கொண்டு இருமியிருப்பாய். இந்த வழக்கில் நீ சொன்னதுதான் சரி என்று இன்னும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. அது துயரக் கதைதான். ஆனால் அதை உட்கார்ந்து பார்ப்பதற்கு ஒரு குரல் வேண்டும். உன்னுடையதை என்னால் கொண்டுவர முடியாது. என்னிடம் இருப்பது நியூஸ் வாசிக்கும் குரல். அதை வைத்துக்கொண்டு, நீ விட்ட அத்தியாயத்துக்கு அடுத்ததிலிருந்து தொடங்குவேன். கூடம் கிடைத்தால்.

உனக்கு எழுதும் மடலில் வேறொருவரிடம் பேசுவது முறையில்லை என்று தெரியும். ஆனால் இதை அச்சிடப் போகிறவர் அவர்தான். எனக்கு இது ஒன்றுதான் வழி. நீ இருந்தால் முதுகில் கைவைத்து என்னை முன்னால் தள்ளியிருப்பாய்.

செயலாளர் அவர்களுக்கு: சனிக்கிழமை மாலைகளில் பொதுக்கூடத்தை முன்போலவே தொடருக்குத் தர வேண்டுகிறேன். எதிர் விடுதிப் பெண்கள் என் விருந்தினர்கள். ஒவ்வொரு முறையும் நான் கையெழுத்திடுவேன். கடைசிப் பெண் வெளியேறும் வரை உடன் இருப்பேன். ஒலியைக் குறைத்து வைப்பேன். முடியும் என்றாலும் முடியாது என்றாலும், அடுத்த கூட்டத்துக்கு முன் எனக்கு எழுத்தில் பதில் தரவும்.